மூக்கு இருந்த காலம்

எங்கள் ஆயாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் விடியற்காலையில் வாசல் தெளிக்க வந்தவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு முறை மூச்சை இழுத்தாள் என்றால், வடசென்னை மணலியின் அன்றைய நிலவரம் வெளியாகிவிடும். "அழுவுன முட்டை. புள்ளைங்கள வெளிய வுடாத." இன்னொரு நாள், "கண்ணு எரியுது பாரு, ஈரத்துணி எடு." வேறொரு நாள், "கோசு வேவுற நாத்தம். மத்தியானம் கடக்காத்து திரும்புனா போயிடும்." சொன்னபடியே போய்விடும். எந்த ஆலை, எந்தப் புகைபோக்கி என்ற ஆராய்ச்சியில் அவள் இறங்கியதில்லை. வெள்ளைத் துணியைக் கொடியில் போடலாமா கூடாதா, அதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும்.

இது 1970களின் கடைசி. 1969இல் இங்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியபோது அதன் கொள்ளளவு ஆண்டுக்கு 25 லட்சம் டன். இன்று 1 கோடியே 5 லட்சம் டன். நடுவில் உரம், பெட்ரோ ரசாயனம் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஊர் படித்ததோ இல்லையோ, ஆயாவின் மூக்கு பட்டப்படிப்பு வரை போய்விட்டது.

இப்போது எங்கள் வீட்டில் மூக்குக்கு மரியாதை இல்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் என் செல்போனில் ஒரு ஏஐயைக் குடிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். "இன்னிக்கு மணலியில காத்து எப்படி?" என்று கேட்டால், எங்கள் தெருவில் யாரும் பேசாத தமிழில் ஒரு பெண் குரல் சொல்கிறது: "காற்றின் தரம் திருப்திகரமாக உள்ளது. காலை நடைப்பயிற்சிக்கு உகந்த நாள்." அதே நேரத்தில் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி ஜன்னலைச் சாத்திக்கொண்டிருப்பாள். முட்டை நாற்றம் சமையற்கட்டு வரை வந்து உட்கார்ந்திருக்கும்.

யார் பொய் சொல்கிறார்கள் என்று கொஞ்ச நாள் குழம்பினேன். யாருமே சொல்லவில்லை. 2015இல் அறிமுகமான தேசியக் காற்றுத்தரக் குறியீட்டில் கணக்கெடுக்கப்படுவது எட்டுப் பொருள்கள்: இரண்டு வகை நுண்துகள், கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அமோனியா, ஈயம். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அந்த எட்டில் இல்லை. மணலியில் காற்றை அளக்கும் நிலையம் இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் பட்டியலில் இல்லாதது ஏஐக்கு உலகத்திலேயே இல்லாதது. "எனக்கு அது தெரியாது" என்று ஒரு வார்த்தை சொன்னால் குடி முழுகியா போய்விடும்? உகந்த நாள் என்கிறது.

2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழிற்பகுதிகளுக்கு மாசு மதிப்பெண் போட்டபோது, மணலி நூற்றுக்கு 76.32 வாங்கி, நாட்டின் மிக மோசமான 43 இடங்களில் ஒன்றாகத் தேறியது. நான் எந்தப் பரீட்சையிலும் அவ்வளவு வாங்கியதில்லை. செய்தியைப் படித்துக் காட்டியதும் அம்மா, "இத்தினி நாளா தெரியாதாமா அவங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு அந்தப் பேப்பரிலேயே முருங்கைக்கீரையை ஆய்ந்தாள்.

நைனா ஆலை ஒன்றில் ஒப்பந்தக் கூலி. முட்டை நாற்றத்தைப் பற்றி அவர் ஒரு விஷயம் சொல்வார். "நாறுற வரைக்கும் பயம் இல்லடா. நாறிகினே இருந்தது திடீர்னு நின்னுச்சின்னா, பக்கத்துல இருக்கிறவன இழுத்துகினு ஓடணும்." உண்மைதான். அந்த வாயு அதிகமானால் முகரும் நரம்பையே மரத்துப்போக வைத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைப்போம், போனது மூக்கு. ஏஐ எழுதித் தருவதை வாசிக்கும்போதெல்லாம் இப்போது எனக்கு இது ஞாபகத்துக்கு வந்து தொலைக்கிறது. எழுத்துப்பிழை கிடையாது, திக்கல் கிடையாது, எந்த நாற்றமும் கிடையாது.

மனு எழுதிய கதையைக் கேளுங்கள். அப்போதெல்லாம் மனு என்றால் திருவொற்றியூருக்குப் போய், மரத்தடியில் மடக்கு மேஜையோடு உட்கார்ந்திருக்கும் பெரியவரைப் பார்க்க வேண்டும். பேனாவைத் திறப்பதற்கு முன் கேள்வி கேட்டே சாகடிப்பார். "எத்தினி நாளா? ராத்திரியா, பகலா? எந்தத் தெரு? யாராச்சும் வாந்தி எடுத்தாங்களா?" இரண்டு ரூபாய்க்கு இத்தனை விசாரணையா என்று நைனா அலுத்துக்கொள்வார். ஆனால் அந்த ஒரு பக்கத்தில் எங்கள் தெருவே இருக்கும்.

போன மாதம் ஏஐயிடம் "நாத்தம் தாங்கல, மனு எழுது" என்றேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. கண்மூடித் திறப்பதற்குள் மூன்று பக்கம். சுற்றுச்சூழல் நீதி, வருங்காலத் தலைமுறை எல்லாம் இருந்தன, தெருப் பெயரைக் காணோம். பசுமைத் தீர்ப்பாயத்தின் தீர்ப்பு ஒன்றை வழக்கு எண், தேதியோடு எடுத்துப் போட்டிருந்தது. எதிர்வீட்டு வக்கீல் தம்பி தேடிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இப்படி ஒரு கேஸே கிடையாது" என்றார். 2023இல் நியூயார்க்கில், சாட்ஜிபிடி கற்பனை செய்த தீர்ப்புகளைக் கோர்ட்டில் கொடுத்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் போட்டார்கள். எனக்கு வாய்த்தது எதிர்வீட்டு வக்கீல், தப்பித்தேன்.

பொய்யை வெட்டிவிட்டு மிச்சத்தை அனுப்பினேன். அலுவலகத்திலிருந்து மறுநாளே பதில். மழுங்கச் சவரம் செய்த அதே தமிழ்: "தங்கள் கவலையை முழுமையாகப் புரிந்துகொள்கிறோம்." என் ஏஐயும் அவர்கள் ஏஐயும் நலம் விசாரித்துக்கொண்டன போலிருக்கிறது. நாற்றம் இருந்த இடத்திலேயே இருந்தது.

அதற்காக ஏஐ செய்த நல்லதை மறைத்தால் பாவம். ஆலை வந்தாலும் விரிந்தாலும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் போடுவார்கள். 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்கும். முழு அறிக்கை ஆங்கிலத்தில், தலைகாணி கனத்தில். முன்பெல்லாம் கூட்டத்துக்குப் போவோம், டீயைக் குடிப்போம், வருவோம். இந்த முறை ஏஐயிடம் மொத்தத்தையும் கொடுத்தேன். டீ ஆறுவதற்குள் தமிழில் போட்டுத் தந்துவிட்டது. 'பிளாண்ட்' எல்லாம் செடியாகி, "இச்செடியின் உற்பத்தித் திறன்" இத்தனை டன் என்று இருந்தது வேறு விஷயம். வால்விலும் பம்பிலும் குழாய் இணைப்பிலும் கசிந்து போகிற வாயுவை ஓர் இடத்தில் "தப்பியோடிய உமிழ்வு" என்று எழுதியிருந்தது. நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "தப்பி ஓடினத பிடிச்சாங்களா?" என்று கேட்டாள். கூட்டத்தில் எழுந்து அதைத்தான் கேட்டேன். பதில் ஆங்கிலத்தில் வந்தது.

அம்மாவின் காதும் லேசுப்பட்டதல்ல. அந்தக் காலத்தில் கெட்ட செய்தி தந்தியில் வரும். தந்திக்காரரின் சைக்கிளைக் கண்டதுமே ஆயா ஒப்பாரியை ஆரம்பித்துவிடுவாள். பிரித்துப் படித்தால் 'ஆண் குழந்தை, தாயும் சேயும் நலம்' என்றிருக்கும். இப்போது ஏஐ புண்ணியத்தில் செத்தவர்களே பேசுகிறார்கள். மறைந்த கலைஞர் 2024 ஜனவரியில் திரையில் தோன்றி டி.ஆர்.பாலுவின் புத்தக வெளியீட்டுக்கு வாழ்த்துச் சொன்னார். அதே மாதம், மறைந்த ஷாகுல் ஹமீதையும் பம்பா பாக்யாவையும் ரகுமான் 'லால் சலாம்' படத்தில் பாட வைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, பணமும் கொடுத்துச் செய்ததாகச் சொன்னார்.

எங்கள் வீட்டுக்கு வந்த குரல் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அசல் என் மகன் குரல். "பாட்டி, ஆக்சிடென்ட் ஆயிடுச்சு, உடனே இருபதாயிரம் அனுப்பச் சொல்லு, அப்பாகிட்ட பேச நேரமில்ல." எனக்குக் கைகால் ஓடவில்லை, ஜிபேயைத் திறந்துவிட்டேன். அம்மா போனைப் பிடுங்கினாள். "எந்தப் பாட்டிடா? இந்த வூட்ல ஆயாதான் உண்டு. வைடா போனை, கஸ்மாலம்!" வைத்துவிட்டான். மகனைக் கூப்பிட்டால் ஆபீஸ் கேன்டீனில் தோசை தின்றுகொண்டிருக்கிறான். அப்புறம்தான் சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குப் போன் போட்டுப் புகார் சொன்னோம். அந்த எண்ணை அம்மா இப்போது காஸ் புக்கிங் நம்பருக்குப் பக்கத்தில் சுவரில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள்.

இந்த வாரம் இன்னொரு மனு எழுதினேன், கையால். கேட்டிருப்பது ஒன்றுதான்: குறியீட்டில் இருக்கும் எட்டோடு ஒன்பதாவதாக ஹைட்ரஜன் சல்பைடையும் சேருங்கள். மணலி, எண்ணூர், திருவொற்றியூர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் நீங்களும் ஒன்று எழுதிப் போடுங்கள். எந்தத் தெரு, எத்தனை மணிக்கு, யார் வீட்டில் வாந்தி என்பதை மறக்காமல் எழுதுங்கள்.