முன்னவன் இடது கால்

வா கண்ணு, திண்ணையில உட்காரு. பழைய கார் வாங்கப் போறியாம். கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கான்னு மூணு வாரமா தூக்கமில்லையாம். பொண்ணு பார்க்கப் போனப்பவே அரை மணி நேரத்துல தலையாட்டினவன் நீ. சரி, அந்தப் பேச்சு இப்ப எதுக்கு, அம்மிணி உள்ளதான் இருக்குது.

ஆட்டோமேட்டிக்கை நேத்து வந்த அதிசயம்னு நெனைக்காதே. அந்தியூர் சந்தைக்குப் போயிட்டு ராத்திரி திரும்புறப்ப, நான் வண்டியிலயே தூங்கிருவேன். முழிச்சுப் பார்த்தா மாடு நம்ம வாசல்ல நிக்கும். கிளட்சும் இல்ல, கியரும் இல்ல. அந்த மாட்டை ஒருத்தன் விலைக்கு வாங்கிட்டுப் போனான். அவனும் வண்டியில தூங்கினான். மாடு மறுபடியும் நம்ம வாசல்லதான் வந்து நின்னுச்சு! பழசு வாங்குறவன் இதை மறக்கப்படாது சாமி. முன்னவன் பழக்கிவிட்டதும் சேர்ந்துதான் வரும்.

கியர் வண்டின்னா, நீ வாங்குறது முன்னவனோட இடது காலை. கிளட்சு மேலயே காலை வெச்சு ஓட்டினவன்னா தட்டு தேஞ்சிருக்கும். மாட்டுக் கொம்புக்கு எண்ணெய் தடவுற மாதிரி, வண்டியைப் பாலிஷ் போட்டு நிறுத்தியிருப்பான். நீ கொம்பைப் பார்க்காதே, பல்லைப் பிடிச்சுப் பாரு. சமதளத்துல ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழு. நாலாவது கியரைப் போட்டு, கிளட்சை மெதுவா விடு. இஞ்சின் பொட்டுனு அணைஞ்சா தட்டு தேவலை. அணையாம உறுமிக்கிட்டே இருந்துச்சுன்னா, டீயை மட்டும் குடிச்சிட்டு வந்துரு.

தட்டு போனாலும் குடி முழுகிடாது. நம்மூரு மெக்கானிக்கே மாத்திருவான். பேட்டரி செத்தாலும், நாலு பேர் தள்ளினா ரெண்டாவது கியர்ல உசுரு வந்துரும். ஆட்டோமேட்டிக்கைத் தள்ளிப் பாரு, தள்ளினவனுக்குத்தான் மூச்சு வாங்கும்.

அதுலயும் ரகம் இருக்குது. 2014ல மாருதி செலேரியோவுல வந்துச்சே ஏஎம்டி, அது நம்ம பழைய கியர் பெட்டியேதான். கிளட்சு மிதிக்க, கியர் மாத்த உள்ளே ஒரு கூலியாளை உட்கார வெச்சிருக்கான். கூலியாளு கொஞ்சம் யோசிச்சுத்தான் மாத்துவான், அதனால ஒரு குலுக்கு குலுக்கும். தட்டு அதுலயும் தேயும். மேட்டுல பிரேக் பிடிக்காம, ஆக்சிலேட்டரை மிதிச்சே வண்டியை நிறுத்தி வெச்சவன் கையில இருந்ததுன்னா கருகியே இருக்கும். சிவிடின்னா ரெண்டு கப்பிக்கு நடுவுல ஒரு பெல்ட்டு. போறப்ப வெண்ணெய்தான், பழுதாச்சுன்னா மாட்டையே வித்தாகணும்.

எதுவானாலும், ராத்திரி பூரா நின்ன வண்டியைக் காலையில போய்ப் பாரு. பிரேக்கை மிதிச்சுக்கிட்டு ரிவர்ஸ் போடு, அப்புறம் 'டி' போடு. போட்டு நேரங்கழிச்சு எடுத்தாலோ, மடார்னு இடிச்சாலோ கும்பிடு போட்டுட்டு வா. கியர் ஆயில் மாத்தின பில்லைக் கேளு. ஆட்டோமேட்டிக்குல முன்னவன் கால் கண்ணுல படாது, பில்லுலதான் படும்.

நீ போற பாதையையும் நெனைச்சுக்க. வாரத்துல அஞ்சு நாள் காந்திபுரம் சிக்னல்தான்னா ஆட்டோமேட்டிக் உனக்குப் புண்ணியம். திம்பத்துல 27 வளைவும் இறங்குறப்போ எந்த வண்டியானாலும் சின்ன கியர்ல இறங்கு. ஆட்டோமேட்டிக்குலயும் குச்சியை அதுக்குன்னு தள்ளிக்கலாம். பிரேக்கையே நம்பி இறங்குறவன் பண்ணாரி அம்மனுக்குச் சாம்பிராணி வாங்கவே வேண்டாம், சக்கரத்துலயே புகை வரும்.

உன்னைக் கேட்டா கியர் நல்லா வரும்னு சொல்லுவே. லைசென்சு எடுத்தப்ப கிளட்சு மிதிச்சது யாருன்னு டிரைவிங் ஸ்கூல் வாத்தியாருக்குத்தான் தெரியும்!

சரி, முடிவா ஒண்ணு. வண்டியை நீ ஓட்டிப் பார்க்கிறதுக்கு முன்னால, விக்கிறவனை ஓட்டச் சொல்லிப் பக்கத்துல உட்காரு. ரோட்டைப் பார்க்காதே, அவன் காலைப் பாரு. கால் சரியா இருந்தா எந்த வண்டின்னாலும் எடு.

"அப்புச்சி, நீங்களா இருந்தா எதை எடுப்பீங்க?"ன்னு கேக்கறியா?

எனக்கென்ன கண்ணு, நான் பின் சீட்டு. பின் சீட்டு என்னைக்குமே ஆட்டோமேட்டிக்தான்.