நெட்டோட்டக்காரரும் கொலோனோஸ்கோபியும்: ஓர் ஒப்பியல் நோக்கு

தமிழில் ஆய்வுக்கு ஆட்படாத பொருள் அரிது. சங்க இலக்கியத்தில் உப்பு, காப்பியங்களில் கண்ணீர், புதுக்கவிதையில் ஜன்னல் எனப் பலவும் பைண்டு செய்யப்பட்டு நூலக அலமாரிகளில் உறங்குகின்றன. ஆயினும், மாரத்தானுக்குப் பயிற்சி எடுத்துவரும் ஒருவர் இடையில் கொலோனோஸ்கோபி செய்துகொள்ள நேர்ந்தால் அந்த வார ஓட்ட அட்டவணையை எவ்வாறு அமைத்துக்கொள்வது என்னும் பொருளில் இதுகாறும் ஓர் ஆய்வேடும் எழுந்திலது. இதற்கு ஆய்வு இடைவெளி என்று பெயர். யாரும் தொடாத பொருள் ஒருவேளை யாருக்கும் தேவைப்படாத பொருளோ என்ற ஐயம் ஆய்வாளருக்கு எழலாகாது. எழுந்தால் உதவித்தொகை நின்றுவிடும்.

ஆய்வு எல்லை சென்னை மாநகர். ஆய்வுப்பொருள், ஐம்பதை நெருங்கும் ஓர் ஆடவர். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குப் பணம் கட்டியவர். மணிக்கட்டில் ஜி.பி.எஸ். கடிகாரம் உடையவர், குளிக்கும்போதும் கழற்றாதவர். இவருடைய வயதைப் பார்த்த டாக்டர் பெருங்குடலை ஒருமுறை உள்ளே பார்த்துவிடலாம் என்று எழுதிக்கொடுத்தார். அமெரிக்காவில் இதைத் தொடங்கும் வயதை 50இலிருந்து 45 ஆகக் குறைத்து 2021இல் பரிந்துரைத்தார்கள். இந்தியாவில் அரசு நடத்தும் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பை வாய் என்ற மூன்றோடு நிற்கிறது. குடல் அவரவர் பாடு.

கருதுகோள் வருமாறு: குடலில் ஏதேனும் இருந்துவிடுமோ என்ற அச்சத்தைக் காட்டிலும், ஞாயிற்றுக்கிழமை ஓட வேண்டிய 30 கிலோமீட்டர் போய்விடுமே என்ற அச்சமே ஓட்டக்காரரிடம் மிகுந்து காணப்படுகிறது. டாக்டர் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்ததும் இவர் கேட்ட முதற்கேள்வி, “முந்தின நாள் ஓடலாமா டாக்டர்?” என்பது. இரண்டாவது கேள்வி, “மறுநாள்?” (வாய்மொழி, காத்திருப்புக் கூடம்.)

முந்தைய ஆய்வுகள்

நியூயார்க்கில் 1969இல் வில்லியம் உல்ஃப், ஹிரோமி ஷின்யா என்னும் இரு மருத்துவர்கள் வயிற்றைக் கிழிக்காமல், குழாய் வழியே கம்பிச் சுருக்கை விட்டுக் குடலில் முளைத்திருந்த பாலிப்பை அறுத்தெடுத்தனர். இத்துறையின் தோற்றம் அதுவே எனலாம். பழந்தமிழருக்கு இது முன்பே தெரிந்திருந்தது என்னும் கட்டுரை இவ்வாய்வாளரின் பார்வைக்கு இன்னும் வரவில்லை. அடுத்த பன்னாட்டுக் கருத்தரங்கில் வந்துவிடும். (பன்னாடு என்பது, யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் ஆன்லைனில் பத்து நிமிடம் தலைகாட்டிவிட்டுப் போவது.)

ஓட்டத்தையும் உள்நோக்கியையும் ஒருங்கே கண்ட சான்றோர் வரிசையில் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். இவர் 1993இல் ஹூஸ்டன் மாரத்தானை 3 மணி 44 நிமிடத்தில் ஓடி முடித்தவர். 2002 ஜூன் 29 அன்று கொலோனோஸ்கோபிக்காக மயக்க மருந்து எடுத்துக்கொள்ளுமுன், அரசியல் சாசனத்தின் 25ஆம் திருத்தப்படி அதிபர் அதிகாரம் முழுவதையும் துணை அதிபர் டிக் செனியிடம் ஒப்படைத்தார். சுமார் இரண்டு மணி நேரம் அமெரிக்கா செனியின் கையில் இருந்தது. 2007இல் மறுபடியும் அப்படியே. 2021 நவம்பரில் ஜோ பைடனின் குடலை முன்னிட்டு கமலா ஹாரிஸ் 85 நிமிடம் அந்த அதிகாரத்தை வகித்து, அதைப் பெற்ற முதல் பெண்ணும் ஆனார். இவையெல்லாம் யாவரும் அறிந்தவை. ஆனால் அணு ஆயுதப் பொறுப்பு உட்பட அனைத்தையும் எழுதிக்கொடுத்த புஷ், அன்றைய காலை ஓட்டத்தை மட்டும் யாரிடம் ஒப்படைத்தார்? அரசியல் சாசனம் இவ்விடத்தில் மௌனம் சாதிக்கிறது. ஓட்டத்தை ஒப்படைக்க முடியாது என்பதே அம்மௌனத்தின் உட்பொருள் என்க.

உணவியல்

பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே நார் குறைந்த உணவு உண்ண வேண்டும். ராகி, கம்பு, கீரை, கொய்யா, எள் ஆகியவை விலக்கு. விதைகள் உள்நோக்கியின் உறிஞ்சு குழாயை அடைத்துக்கொள்ளும் என்பதால் சியாவும் சப்ஜாவும் விலக்கு. ஓட்டக்காரர் பக்தியோடு பருகும் பீட்ரூட் சாறு நிறத்தால் விலக்கு. குடற்சுவரில் படிந்தால் ரத்தமோ என்று டாக்டர் திகைப்பார். உண்ணத்தக்கவை இட்லி, வெள்ளைச்சோறு, தயிர்.

ஈண்டு ஓர் உண்மை புலப்படுகிறது. பந்தயத்துக்கு முந்தைய நாட்களிலும் ஓட்டக்காரர் இதையேதான் செய்ய வேண்டும்: நாரைக் குறைத்து, மாவுச்சத்தைக் கூட்டி, வயிற்றை வம்புக்கு இழுக்காமல் இருப்பது. ஆக, கொலோனோஸ்கோபிக்கும் மாரத்தானுக்கும் கடைசி நாள் வரை சமையற்குறிப்பு ஒன்றே. மூன்றாண்டுகளாகக் குதிரைவாலிச் சோறு தின்றவர் மருத்துவர் ஆணையின் பேரில் பொன்னி அரிசிக்குத் திரும்பியபோது அவர் முகத்தில் தோன்றிய மெய்ப்பாடு உவகை.

முந்தைய நாளோ தெளிந்த திரவம் மட்டுமே. தெளிவு என்பதற்கு இலக்கணம் யாது? டம்ளருக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்துத் தெரிய வேண்டும் என்பர். இங்குதான் ரசம் வழக்காயிற்று. மருத்துவமனை கொடுத்த தாளில் வடிகட்டிய சூப் உண்டு, ரசம் இல்லை. ரசம் சூப்பின் வகையா, சூப் ரசத்தின் வகையா? வீட்டம்மாள் கடுகு தாளிக்காமல், கொத்தமல்லி கிள்ளிப் போடாமல், மேலாக இறுத்த தெளிவைக் காபி வடிகட்டியில் இருமுறை வடித்துக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, பின்னால் தினத்தந்தியைப் பிடித்தார். தலைப்புச் செய்தி தெரிந்தது. வரி விளம்பரம் தெரியவில்லை. எந்த அளவு எழுத்து என்று தாளில் குறிப்பிடப்படாமை பெருங்குறை. “வாடகைக்கு வீடு தேடறோமா என்ன? குடிங்க” என்பது வீட்டம்மாள் துணிபு. ஓட்டக் குழுவில் சிலர் தலைப்பே போதும் என்றனர், சிலர் பஞ்சாங்கக் கட்டம் வரை தெரிய வேண்டும் என்றனர் (வாட்ஸ்அப், திங்கள் மாலை, நீக்கப்பட்ட செய்தி, நீக்குமுன் படித்தவர் வழிக் கேள்வி, அவர் அப்போது கண்ணாடி போட்டிருக்கவில்லை). இறுதியில் மருத்துவமனைக்குப் போன் செய்யப்பட்டது. மறுமுனையில் இருந்த பெண் முழு விவாதத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார், இளநீர் குடிங்க” என்றார்.

பிற விளையாட்டுகள்

பளு தூக்குவோர்: தூக்க வேண்டாம்.

நீச்சல்: முந்தைய மாலை குளத்தில் இறங்கலாகாது. காரணம் விளக்கப்படமாட்டாது.

கேரம்: தடையில்லை, ஆட்டம் பாதியில் நிற்கும்.

கடிகாரவியல்

குடலைக் கழுவும் பாலிஎத்திலீன் கிளைகால் பொடியை இரண்டு லிட்டர் நீரில் கரைத்து, பாதியை முந்தைய மாலையும் மீதியை மறுநாள் விடியுமுன்பும் குடிப்பது இன்றைய முறை. விடியற்காலை நான்கரைக்கு அலாரம் வைத்து எழுவது பிறருக்குக் கொடுமை. ஓட்டக்காரருக்கு நித்திய கர்மம். இவ்வளவில் சிக்கல் இல்லை. சிக்கல் கடிகாரத்தில் தொடங்குகிறது. அன்றிரவு சோபாவுக்கும் கழிவறைக்கும் இடையே நிகழ்ந்த ஓட்டங்களை ஸ்ட்ராவா செயலியில் பதியலாமா, கூடாதா?

பதியலாம் என்போர் கூற்று: இன்டர்வல் பயிற்சி என்பது குறுந்தொலைவை முழுவேகத்தில் கடந்து, மூச்சு முழுதும் அடங்குமுன் மீண்டும் கடப்பது. இவ்விலக்கணம் அன்றிரவுக்கு அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது. நாடித்துடிப்பு ஏறுகிறது. ஓடுபவரின் முனைப்பு எந்தப் பயிற்சியாளரும் இதுவரை வரவழைக்காதது. எத்தனை சுற்று என்பது ஆய்வு அறம் கருதி மறைக்கப்படுகிறது.

கூடாது என்போர் உலகத் தடகள அமைப்பின் விதிகளைக் கொண்டு மறுப்பர். சாலை ஓட்டச் சாதனை ஏற்கப்பட வேண்டுமாயின் பாதையை அளவு திருத்திய சைக்கிள் ஒன்றை உருட்டி அளந்திருக்க வேண்டும். கூடத்தில் சைக்கிள் விடப்படவில்லை. மேலும், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நேர்க்கோட்டில் உள்ள இடைவெளி பந்தயத் தொலைவில் பாதியைத் தாண்டலாகாது. சோபாவிலிருந்து கழிவறை நேர்க்கோடு. அனைத்துக்கும் மேலாக, பாதையின் சரிவு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. நம் வீடுகளில் தண்ணீர் வெளியே வராதிருக்கக் கழிவறைத் தரையைக் கூடத்தைவிட ஓர் அங்குலம் இறக்கிக் கட்டுவது கொத்தனார் மரபு. இருபதடிக்கு ஓர் அங்குலம் என்றால் கிலோமீட்டருக்கு நாலு மீட்டருக்கு மேல் ஆகிறது. ஆகவே போகும் ஓட்டம் செல்லாது. திரும்பி வரும் ஓட்டம் ஏற்றம் ஆதலால் சரிவு விதிப்படி செல்லும்; ஆனால் திரும்பும்போது எவரும் ஓடுவதில்லை.

இரு சாராரையும் இணைக்க வந்த மூன்றாம் கட்சியார், போகவரச் சேர்த்து ஒரு சுற்றாகக் கொண்டால் தொடக்கமும் முடிவும் ஒன்றாகிவிடும், சரிவும் சுழியாகிவிடும் என்பர் (பூங்கா பெஞ்ச், இடக்கை ஓரம், கூறியவர் பெயர் கேட்கப்படவில்லை, மறுநாள் அவரே மாற்றிச் சொன்னது இரண்டாம் பதிப்பெனக் கொள்ளப்படும், அது முதற்பதிப்பினின்று மூன்று இடங்களில் வேறுபடுகிறது, அவற்றுள் ஒன்று அவர் இருமியது, எனவே பாடபேதமாகாது, ஏனைய இரண்டையும் பதிப்பாசிரியர், அதாவது பக்கத்தில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தவர், இடைச்செருகல் என்கிறார்). உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டில் எங்கெங்கோ கிடக்கும் சொற்களைக் கொண்டுவந்து மாட்டி ஒரு தொடராக்கிப் பொருள் சொன்னது போல, இரவெல்லாம் சிதறிக் கிடக்கும் ஓட்டங்களைக் கூட்டி ஒரே ஓட்டமாக்கலாம் என்பது இக்கட்சியாரின் முடிபு. நச்சினார்க்கினியரை மறைமலையடிகள் இதற்காகவே கடிந்தார். கடிகாரமும் இம்முடிபை ஏற்கவில்லை. கூரைக்கடியில் செயற்கைக்கோள் சிக்காமையால், ஆய்வுப்பொருள் இரவு முழுதும் ஓரிடத்தில் இருந்ததாகவும் ஆனால் உறங்கவில்லை எனவும் அது குறித்தது. அறிவியல் சில வேளை உண்மைக்கு வெகு அருகில் வந்துவிடுகிறது.

அன்றைய பகலில் உண்மையாகவே ஓடலாமா என்று கேட்போர்க்கு: வேண்டாம். தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து 400, 500 கிராம் அளவே. பட்டினி நாளில் அதைச் செலவழித்தால் தலை சுற்றும். தெருமுனை வரை நடக்கலாம். பொடி உள்ளே போனபின் தெருமுனையும் தூரம்.

உள்நோக்கியல்

மேசையில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். நெடுநாள் ஓடியவர்களுக்கு ஓய்வு நாடித்துடிப்பு 50க்குக் கீழே இருப்பதுண்டு. ஆதலால் மானிட்டர் அலறும். ஓடுபவன் என்று மயக்க மருத்துவரிடம் முன்னரே சொல்லிவிடுவது நலம். நம் ஆய்வுப்பொருள் சொல்லவில்லை. அலறட்டும் என்று காத்திருந்தார். அலறியது. செவிலியர் ஓடிவந்தார். “நான் மாரத்தான் ரன்னர்” என்று ஆய்வுப்பொருள் கூறியதும் மருந்து ஏறியதும் ஒருங்கே நிகழ்ந்தன. பாராட்டு கிடைத்ததா என்பது அவருக்கு நினைவில்லை.

குடலின் தூய்மைக்கு பாஸ்டன் அளவுகோல் என்று ஒன்று உண்டு. பெருங்குடலை மூன்று பகுதியாக்கி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். முழு மதிப்பெண் 9. பாஸ்டன் என்ற பெயரைக் கேட்டதும் மாரத்தானை நினைத்துத் தகுதி நேரம் என்ன என்று கேட்பது ஓட்டக்காரர் இயல்பு.

வேகத்தைப் பற்றி விரிவாகக் கூற வேண்டும். பெருங்குடலின் நீளம் சுமார் ஒன்றரை மீட்டர். உள்நோக்கியைக் கடைசி வரை செலுத்திவிட்டு, வெளியே இழுத்துவரும்போதுதான் சுவரைக் கண்ணுற்று ஆராய்வர். அதற்குக் குறைந்தது ஆறு நிமிடம் எடுக்க வேண்டும் என்பது நெடுநாளாக இருந்துவந்த விதி. ஆறு நிமிடத்துக்கு ஒன்றரை மீட்டர் என்றால், கிலோமீட்டருக்கு 66 மணி 40 நிமிடம். இதே வேகத்தில் மாரத்தான் ஓடினால் 117 நாளும் 5 மணி நேரமும் பிடிக்கும். குப்பை லாரி வந்து போனபின்பும் ஓடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆனால் 2006இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்று, ஆறு நிமிடத்துக்குக் குறையாமல் நிதானித்த மருத்துவர்களே, விரைந்து முடித்தவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் பாலிப்புகளைக் கண்டறிந்தனர் என்று காட்டியது. மெதுவாக வருபவரே வெல்லும் பந்தயம் ஒன்று உலகில் உண்டு. அதில் ஓடுபவர் நாமல்ல என்பதே வருத்தம்.

பின்னியல்

பரிசோதனையின்போது குடலுக்குள் ஊதிய காற்று வெளியேற வேண்டும், நடந்தால் வெளியேறும். எனவே வார்டில் நடப்பது மருத்துவரே எழுதித்தரும் பயிற்சி. இதை அட்டவணையில் சேர்க்கலாம், ஓசையைச் சேர்க்கலாகாது.

பாலிப்பை எடுத்திருந்தால் ரத்தக்கசிவு இரண்டு வாரம் கழித்தும் தலைகாட்டக்கூடும். டாக்டர் சொல்லும் வரை கடும் ஓட்டம், பளு, வலி மாத்திரை மூன்றையும் நிறுத்துக. எடுக்கவில்லையேல் ஓரிரு நாளில் மெல்ல ஓடலாம். ஓட்டத்திறன் குறையத் தொடங்கவே பத்துநாள், இரண்டு வாரம் ஆகும் என்பதால் மூன்று நாள் ஓய்வில் கரைவது ஒன்றுமில்லை. இவ்வாக்கியம் முதற்பக்கத்தில் வந்திருந்தால் இந்த ஆய்வே தேவைப்பட்டிராது. ஆகவேதான் இங்கே வைக்கப்பட்டது.

மயக்க மருந்தெடுத்த 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டலாகாது, பத்திரத்தில் கையெழுத்திடலாகாது. பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும்போது, உயிருக்கு நானே பொறுப்பு என்று ஒப்புக்கொள்வதும் பத்திரமே. திரும்பும் ஆட்டோவில் ஆய்வுப்பொருள் 100 கிலோமீட்டர் மலையோட்டம் ஒன்றின் படிவத்தைப் பாதி நிரப்பியிருந்தபோது வீட்டம்மாள் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

இவ்வாய்வேட்டின் வாய்மொழித் தேர்வுக்கு வந்த புறத்தேர்வாளர், போண்டாவை முடித்துவிட்டு ஒரே ஒரு வினா கேட்டார்: “எல்லாம் சரி, ரிப்போர்ட்ல என்னங்க வந்துச்சு?” அது ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது என்று விடையளிக்கப்பட்டது.