‘மிக மிக அவசரம்’ என்று எழுதலாமா?

கே: ப்ரொபோசலின் முதல் பக்கத்திலேயே ‘மிக மிக அவசரம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டால் ஃபண்டர் கவனிப்பாரா?
– தொண்டு நிறுவனச் செயலாளர், சிவகங்கை

ப: கவனிப்பார். அதற்கு மேலும் கீழும் இருக்கிற ப்ரொபோசல்களிலும் அதையேதான் கவனித்திருப்பார். அந்த மூன்று சொற்களையும் அடித்துவிட்டு அங்கே ஒரு தேதியைப் போடுங்கள்.

கே: (அதே செயலாளர்) தேதிக்கு எங்கே போவது? நாங்கள் கேட்பது கண்மாய் தூர்வார. கண்மாய் பாண்டியர் காலத்திலிருந்து அங்கேயேதான் கிடக்கிறது.

ப: கண்மாய் காத்திருக்கும், மழை காத்திருக்காது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். கண்மாயில் தண்ணீர் நின்றால் ஜேசிபி உள்ளே இறங்காது. அதற்கும் முன்னால் இன்னொரு கெடு இருக்கிறது. உங்கள் பக்கம் ஆவணி, புரட்டாசியில் புழுதி விதைப்பு. அள்ளுகிற வண்டல் அதற்குள் வயலில் விழுந்தாக வேண்டும். விதைத்த வயலில் எவரும் டிராக்டரை ஓட்டவிடமாட்டார்கள். வண்டல் கரையோரமே குவிந்து, முதல் மழையில் மறுபடி கண்மாய்க்குள் போய்ச் சேரும்.

இப்போது பணம் தருகிற கம்பெனியின் காலண்டரைப் பாருங்கள். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. சிஎஸ்ஆர் (கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதி) கமிட்டி கூடி, போர்டு ஒப்புதல் கொடுத்து, ஒப்பந்தம் கையெழுத்தாகி, பணம் கணக்கில் ஏற ஆகஸ்ட், செப்டம்பர் ஆவது சகஜம். இந்த இரண்டு காலண்டரும் இடிக்கும் இடத்தில்தான் உங்கள் அவசரம் இருக்கிறது. இது பல ஃபண்டர்களுக்குத் தெரியவே தெரியாது. நகரத்தில் மழை என்பது டிராஃபிக் சமாசாரம்.

எனவே இப்படி எழுதிப் பாருங்கள்: ‘ஜூன் முடிவதற்குள் முதல் தவணை கிடைத்தால் வரத்துக்கால்வாய், மடை, தூர்வாரல் மூன்றையும் முடிப்போம். ஜூலை பிறந்துவிட்டால் கால்வாயும் மடையும் மட்டும். செப்டம்பர் பிறந்துவிட்டால் இந்த ஆண்டு வேலை எடுக்கமாட்டோம். பணத்தை அடுத்த கோடைக்கு ஒதுக்கித் தாருங்கள்.’

கடைசி வாக்கியத்தை எழுத மனசு வராது. ஆனால் படிக்கிறவர் உங்களை நம்பத் தொடங்குவது அங்கேதான். ‘இந்தத் தேதிக்கு மேல் பணம் வந்தால் வீண்’ என்று விண்ணப்பிக்கிறவரே சொல்வது அபூர்வம். அதோடு ஊராட்சித் தீர்மானம், துறை அனுமதி இரண்டும் ஏற்கெனவே கையில் இருக்கிறதா என்று ஒரு வரி. அவை இல்லாமல் ஜூன், ஜூலை என்று பேசினால் அவசரம் உங்களுக்கே இல்லை என்று அர்த்தம்.

கே: குறைமாதக் குழந்தைகளின் கண்களைப் பரிசோதிக்கக் கேமரா கேட்டோம். நிராகரித்துவிட்டார்கள். நகல் அனுப்பியிருக்கிறேன். எங்கே கோட்டைவிட்டோம்?
– கண் மருத்துவ முகாம் ஒருங்கிணைப்பாளர், தருமபுரி

ப: படித்தேன். முதல் சில பக்கங்களில் இந்தியாவில் பார்வையிழப்பின் வரலாறே இருக்கிறது. ‘30 நாள்’ என்ற சொல் எங்கோ பின்னால், பட்ஜெட்டுக்குப் பக்கத்தில் பதுங்கியிருக்கிறது. அதுதான் முதல் வரி.

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளரலாம். பிறந்து 30 நாளுக்குள் முதல் பரிசோதனை நடக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்தாலோ எடை மிகக் குறைவாக இருந்தாலோ இரண்டு, மூன்று வாரத்திலேயே. சிகிச்சை தேவைப்படும் கட்டம் என்று தெரிந்தால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் லேசர் வைத்தாக வேண்டும். விட்டால் விழித்திரை பிரிந்து, அந்தக் குழந்தைக்கு ஆயுள் முழுக்க இருட்டாகிவிடலாம். இவ்வளவு துல்லியமான கெடு வேறு எந்தத் துறைக்கும் எளிதில் வாய்க்காது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ‘கண்ணே பிரதானம்’ என்று கட்டுரை எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. கேமரா வந்துவிட்டால் கண் பிழைத்துவிடும் என்ற தொனி இருக்கிறது. குழந்தை இன்குபேட்டரிலிருந்து வெளியே வந்து, மலையடிவாரத்தில் அம்மாவின் வீட்டுக்குப் போன பிறகுதான் பெரும்பாலும் அந்த 30-வது நாள் வருகிறது. அவருக்குப் போன் செய்யப்போகும் நர்ஸ் யார்? வண்டிச் செலவு யாருடையது? 72 மணி நேரத்துக்குள் லேசர் வைக்கும் டாக்டர் எந்த ஊரில் இருக்கிறார்? கெடு இவ்வளவு இறுக்கமாக இருந்தால் ஃபண்டர் இதைத்தான் முதலில் கேட்பார். கேமராவுக்குப் பக்கத்தில் அந்த நர்ஸின் சம்பளத்தையும் சேர்த்துத் திரும்ப அனுப்புங்கள்.

கே: அட்டையில் அழுகிற குழந்தையின் படம் போடலாமா?
– வடிவமைப்பாளர், சென்னை

ப: அந்தக் குழந்தையின் அம்மாவிடம் கேட்டீர்களா?

கே: (அதே வடிவமைப்பாளர்) கேட்டோம், சம்மதித்தார். இப்போது?

ப: உண்டியலுக்குச் சரி. கமிட்டிக்குச் சந்தேகம். 2007-ல் டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாலி நாட்டின் ரோகியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றி மட்டும் படித்தவர்கள், கையில் கொடுத்த 5 டாலரில் சராசரியாக 2.38 டாலரை நன்கொடையாகப் போட்டார்கள். பட்டினியின் புள்ளிவிவரத்தை மட்டும் படித்தவர்கள் போட்டது 1.14. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் கூடும் என்றுதானே நினைப்போம்? 1.43-க்கு இறங்கிவிட்டது.

இதைக் காட்டி ‘எண்ணே வேண்டாம்’ என்று பயிற்சி நடத்துகிறவர்கள் உண்டு. தன் பையிலிருந்து போடுகிறவர்களைப் பற்றிய ஆய்வு அது. கமிட்டிக்காரர் அடுத்தவர் பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்; எண் இல்லாத ப்ரொபோசலை அவரால் போர்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஒரு மனிதரை ஒரு பத்தியில் முழுசாகக் காட்டிவிட்டு, எண்ணுக்குத் தனிப் பத்தி கொடுங்கள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் பிசையாதீர்கள்.

கே: எந்த எண்ணைப் போடுவது? கூகுளில் நிறைய கிடைக்கிறது.
– ஊட்டச்சத்துப் பணியாளர், விழுப்புரம்

ப: நகர்கிற எண்ணை. தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் ரத்தசோகை உள்ளவர்கள் 57.4 சதவீதம் என்கிறது தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று. படித்தவர் உச்சுக்கொட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவார். முந்தைய சுற்றில் இது 50.7 என்பதையும் பக்கத்தில் வைத்தால் நிமிர்ந்து உட்காருவார். ‘ஏன் இப்போது’ என்ற கேள்விக்கு அந்த ஏற்றமே பாதிப் பதில். மீதிப் பாதி உங்கள் ஒன்றியத்தின் அங்கன்வாடிகளில் இருக்கிறது. போய் எண்ணிக்கொண்டு வாருங்கள்.

கே: ஊழியர்களுக்கு மூன்று மாதமாகச் சம்பளம் தரவில்லை. இதைவிட அவசரம் உண்டா?
– நிர்வாக அறங்காவலர், திருநெல்வேலி

ப: உங்களுக்கு இல்லை. ஆனால் முன்பின் தெரியாத ஃபண்டர் அதை ‘இவர்கள் அடுத்த மார்ச் வரை தாங்குவார்களா’ என்றுதான் படிப்பார். பல வருஷமாக உங்களைத் தெரிந்த ஒருவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். புது ப்ரொபோசலில் வேண்டாம்.

சம்பளம் பாக்கி விழுந்ததற்கு ஒரு காரணம் பட்ஜெட்டில் தெரிகிறது. களப்பணியாளர் சம்பளத்தை ‘நிர்வாகச் செலவு’ தலைப்பில் போட்டுவிட்டு, ‘சிஎஸ்ஆரில் 5 சதவீதத்துக்கு மேல் தரமாட்டார்களாம்’ என்று நீங்களே வெட்டியிருக்கிறீர்கள். அந்த 5 சதவீதம், கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்த ஆகும் பொது நிர்வாகச் செலவுக்கான வரம்பு. திட்டத்தை நேரடியாகச் செய்து முடிக்க ஆகும் செலவு அதில் சேராது. களப்பணியாளர்தானே திட்டம்? அவரைத் திட்டச் செலவில் எழுதுங்கள். வெளிநாட்டு நிதிக்கு வேறு கணக்கு: அங்கே நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதம்தான் வரம்பு, 2020 திருத்தத்துக்கு முன் 50 ஆக இருந்தது.

கே: மார்ச் 20-ம் தேதி ஒரு கம்பெனி கூப்பிட்டு, ‘பத்து நாளில் செலவழிக்க முடியுமா’ என்கிறது. எவ்வளவு அவசரமாக எழுதட்டும்?
– பெண்கள் கூட்டமைப்பு, திண்டுக்கல்

ப: இந்த அவசரம் அவர்களுடையது, நீங்கள் ஏன் ஓடுகிறீர்கள்? சிஎஸ்ஆருக்குச் சட்டம் கேட்பது முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம். 2021-ல் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, பல ஆண்டுத் திட்டம் என்றால் செலவாகாத பணத்தை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனிக் கணக்கில் போட்டு, மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவழிக்கலாம். அதை முன்கூட்டியே போர்டு பல ஆண்டுத் திட்டமாக ஏற்றிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே பத்து நாளில் நூறு தையல் மிஷின் வாங்கி மேடையில் அடுக்காமல், இரண்டு வருஷத் திட்டம் ஒன்றை நிதானமாக எழுதிக் கொடுங்கள். சிஎஸ்ஆர்-1 பதிவு எண் கையில் இருக்கட்டும்.

கே: புயல் அடித்த மறுநாளே ப்ரொபோசல் அனுப்புவது நாகரிகமா?
– இளைஞர் மன்றம், பட்டுக்கோட்டை

ப: தார்ப்பாயும் அரிசியும் கேட்பதானால் அன்றைக்கே அனுப்புங்கள். ஆனால் உங்கள் ஊருக்கு நான் சொல்லவா? 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரை கடந்தது. அரிசி லாரி லாரியாக வந்தது. சாய்ந்த தென்னைக்குப் பதிலாக வைத்த நெட்டைக் கன்று காய்க்க ஐந்து, ஆறு வருஷமாவது ஆகும். அந்தத் தோப்புக்காரர் வட்டிக்கு வாங்கத் தொடங்கியது டிவி கேமராக்கள் கிளம்பிப் போன பிறகு. புயலுக்கு மூன்றாம் மாதம் ஃபண்டர்களின் மேசை காலியாக இருக்கும். ஊடுபயிருக்கும் கறவை மாட்டுக்கும் அப்போது கேளுங்கள், ‘அடுத்த அறுவடைக்கு இன்னும் இத்தனை மாதம்’ என்ற கணக்கோடு.

கே: எங்களுடையது முதியோர் இல்லம். முப்பது வருஷமாக ஒரே மாதிரி ஓடுகிறது. அவசரம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் பொய் சொல்லட்டுமா?
– காப்பாளர், கும்பகோணம்

ப: வேண்டாம். ‘முப்பது வருஷத்தில் ஒரு வேளை கூட அடுப்பு அணைந்ததில்லை’ என்று எழுதுங்கள். அதைக் கேட்டு உருகுகிற ஃபண்டர் தனி ரகம், அவரைத் தேடிப் பிடியுங்கள்.

கே: சாட்ஜிபிடியிடம் எழுதச் சொன்னால்?
– பெயர் வேண்டாம்

ப: ‘இது காலத்தின் கட்டாயம்’ என்று ஆரம்பிக்கும். நீங்களும் அப்படித்தானே ஆரம்பிக்கிறீர்கள்?

கே: அனுப்பிவிட்டோம், பதில் இல்லை. போன் செய்து நினைவூட்டினால் தொந்தரவாக நினைப்பார்களா?
– திட்ட அலுவலர், வேலூர்

ப: ‘என்ன ஆச்சு சார்?’ என்று கேட்க மட்டும் கூப்பிட்டால் நினைப்பார்கள். ஒரு புதுச் செய்தியோடு கூப்பிடுங்கள்: கலெக்டர் ஆபீஸ் அனுமதி வந்துவிட்டது, உள்ளூர்க்காரர்கள் தங்கள் பங்கைக் கட்டிவிட்டார்கள், மிஷின் விலை அடுத்த மாதம் ஏறப்போகிறது. அதையே இரண்டு வரியில் மெயிலிலும் போடுங்கள்; அவர் அதை அப்படியே மேலதிகாரிக்கு ஃபார்வர்டு செய்ய வசதியாக இருக்கும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மேல் மட்டும் வேண்டாம்.