பத்து வயசு பென்ஸ்

கேள்வி: டெல்லியில் பத்து வருஷம் நெருங்கிய டீசல் பென்ஸ், புது மாருதி விலைக்கு வருகிறது. வாங்கினால் நீடித்து உழைக்குமா?
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: கார் உழைக்கும். கூடவே நீங்களும் ஓவர்டைம் உழைக்கவேண்டும்!

10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிகள் டெல்லியில் ஓடக்கூடாது என்று 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னபிறகு, இப்படிப்பட்ட கார்கள் மலிவாகத் தெற்கே இறங்குகின்றன. மலிவானது கார் மட்டும்தான். ஸ்பேர் பார்ட்ஸுக்கு அந்த விஷயம் தெரியாது. அது இன்னும் புதுக் கார் விலையிலேயே மிதப்பாக இருக்கிறது.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள மாடலா என்று முதலில் கேளுங்கள். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று நிரம்பிய ரப்பர் பைகள். வயசானால் ரப்பர் வெடித்துக் காற்று கசியும். ராத்திரி கம்பீரமாக நின்ற வண்டி, காலையில் ஒரு பக்கம் எருமை மாதிரி படுத்திருக்கும். கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடி ஓடி, கம்ப்ரஸரும் ஒருநாள் கருகும். எனவே பேரம் பேசும் முன் ஒரு ராத்திரி நிறுத்தச்சொல்லி, விடிந்ததும் போய்ப் பாருங்கள். புரோக்கர் அதற்குள் இன்ஜினை ஸ்டார்ட் செய்துவைத்திருந்தால் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம்.

இரும்பு ஸ்பிரிங், விட்டுப்போகாத சர்வீஸ் ரெக்கார்டு, டெல்லி ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று மூன்றும் இருந்தால் யோசிக்கலாம். தமிழ்நாட்டுப் பதிவுக்கு இங்கே மறுபடி சாலை வரி உண்டு. அதைப் புரோக்கர் சொல்லியிருக்கமாட்டாரே?