மாமாவைக் கேளுங்கள்: வெயில் கணக்கு

பசறை வாசகர்: நாள் முழுக்கக் கொழுந்து எடுக்கிறவளுக்குமா விற்றமின் டி குறையும்?

தலையில் கொங்காணி, இடுப்பில் படங்கு, உடம்பில் நீளக்கைச் சட்டை. வெயில் மலைக்கு விழுகிறது. அவளுக்கு மிஞ்சுவது முகமும் கையும். ஆனாலும் என் கவலை அவளைப் பற்றியல்ல. இருட்டு லயக் காம்பராவில் கிடக்கும் பாட்டியைப் பற்றி. 70 வயதுத் தோல், 20 வயதுத் தோல் செய்வதில் பாதியைக்கூடச் செய்யாது. கிழவியை இஸ்தோப்புக்குக் கொண்டு வாருங்கள். ஊர் வம்பும் இலவசம்.

ஹப்புத்தளை வாசகி: காலை ஏழு மணி இளவெயில் போதாதா மாமா?

படம் எடுக்கப் போதும். விற்றமின் செய்வது புற ஊதா பி கதிர். சூரியன் சாய்ந்திருந்தால் அது வழியிலேயே வடிந்துவிடும். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாகும் நேரமே நேரம். அப்போது பார்த்து மூடுபனி வந்தால் என்னைத் திட்டாதீர்கள். அது உங்கள் ஊர் வழக்கம்.

பண்டாரவளை எழுதுவினைஞர்: எனக்கு ஜன்னலோர மேசை!

கண்ணாடி வெளிச்சத்தை விடும், அந்தக் கதிரை விடாது. பொடி மெனிக்கே ரயில் வாசலில் தொங்கினால் கதிர் கிடைக்கும். எலும்பு முறிவும் கிடைக்கும்.

பதுளை வாசகர்: குறைந்தால் மாரடைப்பு, புற்றுநோய் எல்லாம் வருமாமே?

குறைந்தவர்களிடம் அவை கூடுதலாகக் காணப்படுவது மெய். அதனால்தான் வந்தனவா என்பது வேறு வழக்கு. அமெரிக்காவில் 25,871 பேரை வைத்துச் சோதித்தார்கள். பாதிப் பேருக்குத் தினம் 2000 அலகு விற்றமின் டி, மற்றவர்களுக்கு வெற்றுக் குளிசை, ஐந்து வருடம். 2019இல் அச்சான முடிவு: மாரடைப்பும் புற்றுநோயும் இரு பக்கமும் ஏறக்குறையச் சமம். மறுபக்கம் பாருங்கள்: நோயாளி வீட்டுக்குள் கிடப்பார், வெயில் படாது, அளவு இறங்கும். கள்வன் யார், களவு கொடுத்தவன் யார்? எலும்பில் மட்டும் சந்தேகமே இல்லை. கடுமையாகக் குறைந்தால் பிள்ளைக்குக் கால் வளையும். பெரியவர் குந்தினால் எழும்ப ஆள் வேண்டும்.

ஹாலி எல தாய்: கொழும்பில் கார்மென்ட் வேலைக்குப் போன மகளுக்கு ஒரே உடம்பு வலி.

விடியுமுன் உள்ளே, இருட்டிய பின் வெளியே. உங்களுக்கு வெயில் கூடிப்போனது, அவளுக்கு டியூப்லைட். வைத்தியரிடம் காட்டட்டும், இரத்தசோகையும் இதே பாட்டைத்தான் பாடும்.

லுணுகலை வாசகர்: கிழமைக்கு ஒன்று போடச் சொன்ன குளிசையைத் தினமும் போட்டால் சீக்கிரம் ஏறுமா?

ஏறும். இரத்தத்தில் கல்சியம் ஏறும், சிறுநீரகத்தில் கல் ஏறும், நீங்களும் ஆஸ்பத்திரிப் படி ஏறுவீர்கள்.

தெமோதரை மாணவன்: நம் தேத்தண்ணியில் விற்றமின் டி இல்லையா?

இருந்தால், அதை வாங்கிக் குடித்த லண்டனில் பிள்ளைகளுக்கு ஏன் கால் வளைந்தது? 1919இல் மெல்லன்பி என்ற ஆய்வாளர் அந்த நோய்க்கு மருந்து தேடி நாய்க்குட்டிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது தேத்தண்ணி அல்ல, மீன் எண்ணெய். நீ நெத்தலிக் கருவாட்டைத் தட்டில் ஒதுக்காதே.