சாமியாரை மனந்திருப்பிய திருவிழா

எங்கள் பங்குக்குப் புதுச் சாமியார் வருவது பெரும்பாலும் ஜூன் மாதத்தில். முல்லைப் பெரியாற்றிலிருந்து முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்துவிடுவதும் அந்த மாதத்தில்தான். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் ஊர் கரையில் போய் நின்று பார்க்கும். சாமியார் வந்து இறங்கினாலும் நின்று பார்க்கும். இரண்டு இடத்திலும் பெரியவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: “இது எம்புட்டு நாளைக்கு நிக்கும்?”

கம்பம் பள்ளத்தாக்கில் கிழக்கே மேகமலை, மேற்கே கேரளத்து மலை. நடுவில் நெல், வாழை, தென்னை, திராட்சைப் பந்தல். அவற்றுக்கு ஊடே வேதக்காரர்கள் நிறைந்த ஊர்கள் சில உண்டு. அனுமந்தன்பட்டியில் இருப்பது தூய ஆவியானவர் கோயில். ஊர்ப் பெயர் ஒருவருக்கு, கோயில் இன்னொருவருக்கு. ஒருவர் வாயுவின் மகன், மற்றவரும் பெருங்காற்றின் ஓசையோடு இறங்கி வந்தவர் என்பதால் இதுவரை எல்லைத் தகராறு வந்ததில்லை. இராயப்பன்பட்டியில் இருப்பது பனிமய மாதா. அங்கிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் எங்கள் ஊரிலும் அதே மாதாதான், சுரூபம் மட்டும் கொஞ்சம் சின்னது. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வருசம் சப்பரத்தில் தோள் கொடுக்க விடமாட்டார்கள்.

பனிமய மாதாவின் கதை ரோமாபுரியில் நடந்தது. நான்காம் நூற்றாண்டில், ஆகஸ்ட் மாதத்துக் கொடும் வெயிலில், எஸ்குலின் குன்றின் மேல் ஒரே இரவில் பனி கொட்டியதாம். மாதாவுக்குக் கோயில் கட்ட வேண்டிய இடத்துக்கு அதுவே அடையாளம் என்று லிபேரியுஸ் பாப்பரசர் எடுத்துக்கொண்டாராம். மரியா மஜோரே பேராலயம் இன்றும் அந்தக் குன்றில்தான் நிற்கிறது. திருநாள் ஆகஸ்ட் 5. எங்கள் கணக்கில் அது ஆடி 20. ஆடியில் எங்கள் பள்ளத்தாக்கில் பனி பெய்யாது, மண் பெய்யும். மலை இடுக்கு வழியாகப் புகுந்து வரும் காற்று குச்சனூர்ச் சனீஸ்வரனைக் கும்பிட வருகிற கூட்டத்தின் மீதும் எங்கள் கொடிமரத்தின் மீதும் மத வேறுபாடு பார்க்காமல் அடிக்கும். கொடியேற்றத்தன்று கொடி மேலே போனதும் விரிந்து பறந்து நான் பார்த்ததில்லை. கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒன்பது நாளும் அப்படியே நிற்கும்.

இந்தக் காற்றுக்குள்தான் அந்த ஜூனில் ஒரு இளம் சாமியார் வந்து சேர்ந்தார். நிறையப் படித்தவர், நல்ல குரல், நேரம் தவறாதவர். கடைசிக் குணம்தான் எங்களைக் கலங்கடித்தது. முதல் விழாக் குழுக் கூட்டத்துக்குக் கையில் காகிதத்தோடு வந்தார். திருவிழா திருநாளன்றே நடக்க வேண்டும். நவநாள் பூசை மாலை சரியாக ஆறு மணிக்கு. அழைப்பிதழில் யார் பெயரும் வேண்டாம். வெடி வேண்டாம். ஏலம் அறவே வேண்டாம். வாசித்து முடித்து நிமிர்ந்து பார்த்தார். “ஆகட்டும் சாமி” என்றது குழு, ஒரே குரலில். மனிதர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

தேதிதான் முதலில் விழுந்தது. ஆகஸ்ட் 5 அன்று இராயப்பன்பட்டியிலும் அதே மாதாவின் நாள். எங்கள் மைக்செட்காரர் அங்கே, பேண்டு வாத்தியம் அங்கே, சம்பந்திகள் அங்கே. பிரசங்கத்துக்கு வெளியூர்ச் சாமியார்களைக் கூப்பிடலாம் என்றால், தூத்துக்குடியிலும் அன்றைக்குத்தான் பெருவிழா. எல்லாவற்றுக்கும் மேலே, எங்கள் ஊரே அன்று இராயப்பன்பட்டியில் இருக்கும். “நீங்க மட்டும் இங்க இருந்து பூசை வைப்பீங்களா சாமி?” என்று உபதேசியார் பணிவோடு கேட்டார். மாதா இரண்டு வாரம் பொறுத்துக்கொள்வார் என்று முடிவாயிற்று.

அழைப்பிதழ் விவகாரத்தில் அவர் கொஞ்சம் கூடுதலாகப் போராடினார். பெயரே வேண்டாம் என்றால் நன்கொடையும் வராது என்பது தெரிந்ததும், “சரி, அகர வரிசையில் போடுங்கள், சண்டை வராது” என்றார். வேதக்கார ஊரில் அகர வரிசை என்றால் என்ன ஆகும் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். அந்தோணி, அமலோற்பவம், அருளப்பன், அருளானந்தம், ஆரோக்கியம் என்று பாதி ஊர் முதல் பக்கத்திலேயே முடிந்துவிட்டது. வேளாங்கண்ணியும் ஸ்டீபனும் பின் அட்டையில் அச்சகத்து விலாசத்துக்கு மேலே கிடந்தார்கள். ஸ்டீபன் வகையறா வரி கொடுக்க மாட்டோம் என்றது. வயது வரிசை என்றார் ஒருவர். எங்கள் ஊரில் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு வயது, முதியோர் பென்ஷனில் ஒரு வயது. கடைசியில் வழக்கம்போல் போன வருசத்து அழைப்பிதழை அப்படியே எடுத்து, இறந்தவர்களை நீக்கி, அவர்கள் மகன்களைச் சேர்த்து அடித்தோம்.

பெயர் போடக் கூடாது என்று சொன்னவருடைய படத்தையே ஊர் முனையில் பத்தடி உயர ஃப்ளெக்ஸில் வைத்தார்கள் இளைஞர்கள். அதை இறக்கச் சொல்லி அவர் கிளம்புவதற்குள் ஆடிக்காற்று இறக்கிவிட்டது. பறந்து போய் ஒரு திராட்சைப் பந்தலின் மேல், முகம் வானத்தைப் பார்த்தபடி விழுந்தது. அன்றிலிருந்து கிளி வருவதில்லை என்று தோட்டக்காரர் திருப்பித் தர மறுத்துவிட்டார்.

ஆறு மணிப் பூசையின் கதை சற்று நீளம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து தினமும் விடியலில் ஜீப்புகள் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குக் கிளம்பும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் நெருக்கியடித்து ஏறுவார்கள். கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ மலை ஏறி, நாள் முழுக்கக் காய் பறித்து, மாலையில் இறங்குவார்கள். எங்கள் பாடகர் குழுவின் மேல்குரல் அத்தனையும் அந்த ஜீப்பில்தான் இருக்கிறது. ஊரில் மிச்சம் இருப்பது ஆர்மோனியமும் கீழ்க்குரல் ஆண்கள் இருவரும். நவநாளின் முதல் நாள் சரியாக ஆறு மணிக்குச் சாமியார் பீடம் ஏறினார். வருகைப் பாடலை அந்த இருவரும் பாடினார்கள். வெளியே கட்டியிருந்த ஆடு அவிழ்த்துக்கொண்டு ஓடியது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை. பிரசங்கத்தின் நடுவில் ஜீப் வந்தது. ஹாரன் கேட்டதும் உள்ளே இருந்த கணவன்மார்கள் எழுந்து போனார்கள், மனைவிமார் கையில் இருந்த வாளியை வாங்க. பிள்ளைகள் எழுந்து போனார்கள், வாளியில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க. பிரசங்கியார் ‘மனந்திரும்புங்கள்’ என்று சொன்ன நொடியில் கோயில் பாதி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் பூசை ஆறரைக்கு. அதற்கடுத்த நாள் ஆறே முக்காலுக்கு. நான்காம் நாள் சாமியார் அங்கி அணிந்து வாசலில் வந்து நின்று, கையைப் புருவத்தில் வைத்து மெட்டுப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப் தெரிந்ததும் கோயில்பிள்ளைக்குச் சைகை காட்டினார், மணி அடித்தது. பெண்கள் முகம் கழுவி, சேலை மாற்றி, நேராகப் பாடல் வரிசையில் வந்து நின்றார்கள். கை நகத்தில் ஏலக்காய் மணம் அப்படியே இருந்தது. அன்று தூபக்கலசத்தில் சாம்பிராணி போடப் பீடச் சிறுவன் மறந்துவிட்டான். யாருக்கும் தெரியவில்லை.

மாற்ற வந்தவரை மாற்றிவிடும் இந்த வேலையில் எங்கள் ஊருக்கு மட்டும் பெருமை சேராது. 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியச் சேசுசபைக் குரு ராபர்ட் தெ நொபிலியும் ஊரை மாற்றத்தான் வந்தார். வந்து சில காலத்துக்குள் காவி கட்டினார், சந்தனம் பூசினார், புலாலை விட்டார், தமிழோடு சமஸ்கிருதமும் படித்துத் தத்துவ போதகர் ஆனார். ‘இவர் யாரை யார் மதத்தில் சேர்க்கிறார்’ என்று சக குருக்களே குழம்பி ரோமாபுரிக்குப் புகார் எழுத, 1623-ல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அவர் வழிமுறைக்கு அனுமதி கொடுத்தார். எங்கள் சாமியார் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் ஐந்தாம் நாளே வேட்டிக்கு வந்துவிட்டார். ஆடிக்காற்றில் கால்சட்டைக்குள் மண் போனால் வேறு வழி கிடையாது.

ஞாயிறு மறைக்கல்வியில் அவருக்கு இன்னொரு சோதனை. புனிதர் பட்டம் கொடுக்க என்ன தேவை என்று கேட்டிருக்கிறார்.

“அற்புதம் செய்யணும் ஃபாதர்.”

“சரி. அற்புதம் செய்த யாராவது ஒருவரைச் சொல்.”

“பென்னிகுயிக்.”

கேட்டவர் ஒரு நிமிடம் தடுமாறியதாகக் கேள்வி. பையன் மேல் தப்பில்லை. அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, 1895-ல் எங்கள் பக்கம் விட்ட ஆங்கிலேய எஞ்சினியர் ஜான் பென்னிகுயிக்கின் பிறந்தநாள் ஜனவரி 15. தைப்பொங்கலை ஒட்டி வருவதால் பாலார்பட்டியில் அவருக்குத் தனியாகவே பொங்கல் வைக்கிறார்கள். வீட்டுச் சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மீசையோடு அவர் படமும் இருக்கும். ரோமாபுரி விசாரணை இல்லை, சாட்சி இல்லை, அற்புதத்துக்கு மருத்துவச் சான்றிதழ் இல்லை. மதகைத் திறந்தால் அற்புதம் வருகிறது.

“அவர் நம்ம சபை இல்லையேப்பா” என்று சாமியார் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

“தண்ணி நம்ம வயலுக்கும் வருதே ஃபாதர்” என்றானாம் பையன். பரிசுச் சுரூபம் அவனுக்கே கிடைத்தது.

வெடியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெடித்தோம்.

இனி ஏலம். தேர்பவனி முடிந்து, சப்பரம் கோயிலுக்குள் போனதும், காணிக்கையாக வந்த பொருள்களை வெளிமேடையில் வைத்து ஏலம் விடுவது எங்கள் வழக்கம். மாதா கழுத்து மாலை, வாழைத்தார், உப்பும் மிளகும் கட்டிய பொட்டலம், நேர்ந்துவிட்ட சேவல், யாராவது ஒருவர் பந்தலின் முதல் திராட்சைக் குலை. ‘கோயில் முற்றம் சந்தை இல்லை’ என்பது சாமியாரின் கட்சி. அதற்கு நற்செய்தியிலேயே ஆதாரம் வைத்திருந்தார். எங்களிடம் இருந்த ஆதாரம் கணக்கு நோட்டு மட்டுமே. உண்டியலில் விழுந்தது மைக்செட்டுக்குக் காணாது, வெடிக்குக் கொடுத்த முன்பணம் போக மீதி பாக்கி, பேண்டுக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். நோட்டைப் பார்த்த சாமியார், “சீக்கிரம் முடித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி உள்ளே போனார்.

எங்கள் ஏலத்தைப் புரிந்துகொள்ளத் திராட்சையைப் புரிந்துகொள்ள வேண்டும். கம்பத்துப் பன்னீர் திராட்சையைத் தமிழ்நாட்டுக்கு 1832-ல் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று சொல்வார்கள். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பத்திரிகைகளும் அதையே எழுதின. பூசைக்கு வைக்கும் ரசம் திராட்சைப் பழத்திலிருந்தே வர வேண்டும், கெட்டுப்போயிருக்கக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். ஆகவே பாதிரியார் பூசைக்காகத்தான் கொடி நட்டார், மிச்சத்தைத்தான் நாம் மார்க்கெட்டுக்கு அனுப்புகிறோம் என்பது என் அப்பத்தாவின் வாதம். திராட்சை விவசாயியான யாரும் கோயிலுக்குக் கடன்பட்டவன்தான் என்று முடிப்பார். ஊர் இதை வேறு மாதிரி கடைப்பிடிக்கிறது. ஏலம் எடுப்பது அன்று, பணம் தருவது அறுப்பு முடிந்து. எங்கள் பக்கம் வருசம் முழுக்க எங்காவது ஒரு பந்தலில் அறுப்பு நடக்கும். ஆனால் ஏலப் பாக்கி வைத்திருப்பவர் பந்தலில் மட்டும் எப்போது கேட்டாலும் இப்போதுதான் கவாத்து முடிந்திருக்கும்.

அன்று இரவு ஏலம் விடும் அண்ணனுக்கு, நவநாள் முழுக்க மைக்கில் அறிவிப்புச் செய்து தொண்டை கட்டிவிட்டது. காற்றுதான் வருகிறது, எண் வரவில்லை. கூட்டம் கலையத் தொடங்கியது. மாதா மாலை நானூறு ரூபாயில் நின்றது. உள்ளே இருந்து ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்த சாமியாருக்கு அது பொறுக்கவில்லை. மாதாவுக்கு அவமானம் என்று நினைத்தாரோ, பேண்டுக்காரர்கள் இன்னும் வாசலில் இருப்பதைப் பார்த்தாரோ, தெரியாது. மேடை ஏறி மைக்கை வாங்கினார். ஏற்கெனவே சொன்னேன், நல்ல குரல்.

முதலில் கூச்சமாகத்தான் ஆரம்பித்தார். மாலை ஆயிரத்தைத் தாண்டியதும் கூச்சம் போய்விட்டது. உப்பு மிளகுப் பொட்டலம் வந்தபோது, மேலத்தெரு அண்ணன் தம்பி இருவருக்கும் இருந்த பழைய வரப்புத் தகராறை எப்படி அறிந்து வைத்திருந்தாரோ, “அண்ணன் கேட்டுட்டார், தம்பி பேசாம இருக்காரே” என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். பொட்டலம் மூவாயிரத்துக்குப் போயிற்று. சேவல் வந்தபோது அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இதன் இனம்தான் பேதுருவை அழ வைத்தது என்று விவிலிய ஆதாரமும் காட்டினார். என் சம்சாரத்தின் தாய்மாமா உணர்ச்சிவசப்பட்டு இரண்டாயிரத்து எண்ணூறு என்றார். “ஒரு தரம், ரெண்டு தரம்” என்று சாமியார் சொல்லி நிறுத்தி, கூட்டத்தைச் சுற்றிப் பார்த்த விதத்தில் பதினைந்து வருச அனுபவம் தெரிந்தது.

அடுத்த ஆண்டு ஜூனில் விழாக் குழு கூடியது. இந்த முறை சாமியார் கையில் காகிதம் இல்லை, ஏல நோட்டு இருந்தது. பொருளாளர் பாக்கியை வாசித்துக்கொண்டே வந்தார்.

“மாமா, சேவல், ரெண்டாயிரத்து எண்ணூறு.”

“அதைப் பேசத்தாம்ப்பா வந்தேன். பாதி வெலை போட்டுக்க. இத்தனை நாளா ஒரு முட்டை வைக்கல.”

“மாமா, அது சேவலு.”

“அதை ஏலம் விட்டவுக மைக்குல சொல்லியிருக்கணும்ல? அழுதாரு கிழுதாருன்னு என்னென்னமோ சொன்னாக, முட்டை வைக்காதுன்னு சொன்னாகளா?”

குழு மொத்தமும் சாமியார் பக்கம் திரும்பியது. அவர் நோட்டை வாங்கினார், பேனாவை எடுத்தார், கொஞ்ச நேரம் யோசித்தார்.

“இந்த அறுப்புக்கு முழுசாக் குடுத்துருங்க மாமா,” என்றார். “வரப்போற திருவிழாவுல கோழி விடுறேன்.”