காரவன் பின்னோக்கியல்: ஓர் அறிமுகம்

வானிலையாளர் நாளையைப் பார்க்கிறார். சோதிடர் அடுத்த குருப்பெயர்ச்சியைப் பார்க்கிறார். பொருளாதார நிபுணர் அடுத்த காலாண்டைப் பார்க்கிறார். ஆனால் இந்தக் கணத்தில் நம் முதுகுக்குப் பின்னால் என்ன வந்துகொண்டிருக்கிறது என்று ஆராயத் துறை வைத்திருக்கும் பல்கலைக்கழகம் எதுவும் எமக்குத் தெரியவில்லை. இக்குறையைப் போக்கும் பொருட்டு, காரின் கொக்கியில் ஒரு வீட்டையே மாட்டி விடுமுறைக்கு இழுத்துச் செல்லும் பிரிட்டன் மக்களை இவ்வாய்வு எடுத்துக்கொள்கிறது. அந்த வீட்டுக்குக் காரவன் என்று பெயர். ஆய்வின் எல்லை, கொக்கி முதலாகப் பின்னால் வருபவரின் பொறுமை ஈறாக.

முதலில் சூத்திரம். காரவன் காரின் பின்பக்கத்தைவிட அகலமாக இருந்தால், அதற்கேற்ற பக்கக் கண்ணாடிகளை மாட்டியாக வேண்டும். மாட்டாமல் இழுத்தால் 1,000 பவுண்டு வரை அபராதமும் ஓட்டுநர் உரிமத்தில் 3 புள்ளிகளும் கிடைக்கலாம். (புள்ளி கிடைக்கிறதே என்று மகிழ வேண்டாம். 3 ஆண்டுகளுக்குள் 12 சேர்ந்தால் உரிமமே பறிபோகும்.)

இனி உரை. அகலமாக இருந்தால் என்றமையால், அகலம் குறைந்தவிடத்துக் கண்ணாடி வேண்டா என்பதும் பெறப்படும். பெரிய ஜீப் வகை வண்டி வைத்திருப்போர் இந்த இடுக்கு வழியாகத்தான் நழுவப் பார்க்கிறார்கள். 'என் வண்டியே யானை, அதற்கு எதற்கு இன்னொரு ஜோடி முறக்காது?' என்பது அவர்கள் எழுப்பும் தடை. விடை அளவுநாடாவில் இருக்கிறது. பிரிட்டனில் ஓடும் காரவன்களில் பெரும்பாலானவை 2.2, 2.3 மீட்டர் அகலம், சட்டம் 2.55 வரை இடம் தருகிறது. யானையோ, கண்ணாடியை மடக்கிவிட்டு அளந்தால், 2 மீட்டரை ஒட்டித்தான் நிற்கிறது. தடை தள்ளுபடி.

இத்துறையின் வரலாற்றை 1885இல் தொடங்குவது முறை. கடற்படை மருத்துவராக இருந்து ஓய்வுபெற்று, சிறுவர்களுக்குச் சாகசக் கதை எழுதிவந்த கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், பிரிஸ்டலில் சொல்லிச் செய்வித்த 'வாண்டரர்' என்ற வண்டியில் அந்த ஆண்டு ஊர் சுற்றக் கிளம்பினார். பொழுதுபோக்குக்கென்றே கட்டப்பட்ட முதல் காரவன் என்று அதைச் சொல்வார்கள். இரண்டு குதிரைகள், வண்டிக்காரர், ஒரு நாய், ஒரு கிளி. எதிரே வருவோரை எச்சரிக்க, பணியாள் ஒருவர் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போனார். பின்னால் வருவோருக்கென்று ஆள் வைத்ததாகச் செய்தி இல்லை. தேவையும் இருந்திராது. குதிரைகள் அந்த வீட்டை இழுத்த வேகத்துக்கு, அவசரமாகப் போகிறவர் இறங்கி நடந்தே முந்தியிருப்பார்.

கார் வந்தபின்தான் கழுத்து வலித்தது. 1909இல் டோரதி லெவிட் என்ற கார்ப்பந்தய வீராங்கனை, பெண்களுக்காக எழுதிய நூலில், கைக்கண்ணாடி ஒன்றை எப்போதும் உடன் வைத்திருங்கள், அவ்வப்போது தூக்கிப் பிடித்தால் பின்னால் வருவது தெரியும் என்று அறிவுரை சொன்னார். 1911இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் ரே ஹரூன் தனியாளாக ஓட்ட வந்தார். மற்றவர்களுடன் மெக்கானிக் ஒருவர் உட்கார்ந்து பின்பக்கம் பார்த்துச் சொல்லுவார். இவருக்கு அப்படி ஆளில்லை என்று எதிர்ப்பு எழுந்தது. காரின் முன்னே ஒரு கண்ணாடியைப் பொருத்தி வாயடைத்தார், மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் ஓட்டி வென்றும் விட்டார். செங்கல் பதித்த தடத்தில் கண்ணாடி அதிர்ந்த அதிர்ச்சியில் எதுவுமே தெரியவில்லை என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். பின்னோக்கியலின் முதல் தேற்றம் இங்கே பிறக்கிறது: கண்ணாடி மாட்டியிருப்பதும் அதில் தெரிவதும் வேறு வேறு.

அந்த வேறுபாட்டை மூடத்தான் பிரிட்டனில் அளவு வகுத்திருக்கிறார்கள். ஓட்டுநர் இருக்கும் இடத்திலிருந்து 20 மீட்டர் பின்னால், காரவனின் பக்கச் சுவரிலிருந்து வெளிப்புறமாக 4 மீட்டர் அகலம் தெரிய வேண்டும். காரின் பின்பாதி, கொக்கி, சுமார் 7 மீட்டர் வீடு என்று கழித்துப் பார்த்தால், அந்த இடம் காரவனின் வாலுக்கு ஏறத்தாழ 10 மீட்டர் பின்னால் விழுகிறது. இரண்டு பக்கமும் சரி, நேர் பின்னால்? அங்கே காரவனின் அகலத்துக்கு ஓர் இருட்டு நீள்கிறது. இதற்குக் 'கரப்பிடம்' என்று இவ்வாய்வு பெயர் சூட்டுகிறது. மரியாதையாக இடைவெளி விட்டு வருபவரின் கார் கண்ணாடியின் ஓரத்தில் தலைகாட்டும். கோபம் மூண்டு வாலை ஒட்டி வருபவர் கரப்பிடத்துக்குள் முழுசாக மறைந்துவிடுவார். யாரை அவசியம் பார்க்க வேண்டுமோ அவர் மட்டும் தெரிவதில்லை.

காரின் உள்ளே தொங்கும் கண்ணாடி இங்கே உதவாது. அது காரவனின் நெற்றியைத்தான் காட்டும். முன்னும் பின்னும் ஜன்னல் நேராக அமைந்த வீடுகளில் திரையை விலக்கிவிட்டு, வீட்டை ஊடுருவிச் சாலையைப் பார்க்க முடிந்தது. இப்போது பல மாடல்களில் பின்கோடியில் குறுக்காகக் குளியலறையைக் கட்டிவிட்டார்கள். ஒரு நாட்டின் பின்பார்வையைக் கழிப்பறைக் கதவு மறித்த வேறு வரலாறு எமக்குத் தெரியவில்லை.

பின்னால் வருபவருக்கு ஏன் கோபம்? அதையும் சட்டமே தயாரித்துத் தருகிறது. நடுவில் தடுப்பில்லாத ஊர்ப்புறச் சாலையில் காருக்கு வேக எல்லை மணிக்கு 60 மைல். காரவன் இழுக்கும் காருக்கு 50. மூன்று தடம் கொண்ட மோட்டார்வேயில் வலது கோடித் தடம் அதற்குத் தடை. ஆகஸ்ட் மாதத்தில், விடுமுறைக் கூட்டம் மொய்க்கும் கார்ன்வால் பக்கம் போகும் குறுகிய சாலையில் அந்த 10 மைல் வித்தியாசம் எத்தனை வளைவுக்கு நீளும் என்று வாசகர் கணக்கிட்டுக்கொள்க. பிறகு அதே அரசின் சாலை விதிநூல், 169ஆம் விதியில், நீண்ட வரிசையைத் தேக்கி வைக்காதே, அடிக்கடி கண்ணாடியைப் பார், தேவைப்பட்டால் பத்திரமான இடத்தில் ஒதுங்கி வழிவிடு என்கிறது. ஆக, விபத்தைத் தவிர்ப்பது கண்ணாடிக்குப் பக்கத்தொழில். நம்மால் பிறருக்கு விளையும் எரிச்சலை நமக்கே காட்டுவதுதான் அதன் தலையாய தொழில் என்பது இவ்வாய்வின் துணிபு. வரிசையில் நிற்பதை ஒழுக்கமாகக் கொண்ட நாட்டில், வரிசைக்குக் காரணமாக இருப்பது 3 புள்ளிகளைவிடப் பெரிய தண்டனை.

கட்சிப் பூசல் இல்லாத சாத்திரம் உண்டா? சமதளக் கட்சியார், உள்ள தூரத்தை உள்ளபடி காட்டுவது தட்டைக் கண்ணாடிதான் என்பர். குவியாடிக் கட்சியார், பரப்பு அதிகம் தெரிகிறதே என்பர்; உருவம் சிறுத்து, அருகில் வரும் லாரி அடுத்த ஊரில் வருவதுபோல் தெரிவதைச் சொல்லமாட்டார்கள். பக்கத்துக்கு ஒன்றாக மாட்டும் சமரசக்காரர்களும் உண்டு. காரின் சொந்தக் கண்ணாடி மீது இறுக்கித் திருகும் இந்த ஒட்டுக் கண்ணாடிகள், எதிர்லாரியின் காற்றடித்தால் இரு கட்சியையும் பாராமல் திரும்பி வானத்தைப் பார்க்கும். அப்போது பேசுவது ஹரூனின் தேற்றம்.

வாசகருக்கு ஒரு விண்ணப்பம். முகாமில் காரவனை அவிழ்த்துவிட்டுப் பால் வாங்கக் கிளம்பும்போது, அந்தக் கண்ணாடிகளையும் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். காரவனின் அகலத்துக்கு வெளியே 250 மில்லிமீட்டர் வரை நீட்ட அனுமதி உண்டு. காரவன் இல்லாதபோது அந்த நீட்டத்தைக் காரின் உடம்பிலிருந்து அளப்பார்கள்.